ஒரு 'க' கூடிப்போனது

அன்புள்ள அப்பாவுக்கு, ரோசரியின் ஸ்தோத்திரம். கால்வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

நாளை மாலை திருச்சியில் எங்கள் பழைய தியேட்டரில் ராக் கச்சேரி. கிடாரும் டிரம்ஸுமாக இங்கிலீஷ் பாட்டு. போஸ்டரைச் சரிபார்த்த நான், எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்து 'ராகக் கச்சேரி' என்று திருத்திவிட்டேன். யாரையும் கேட்கக் கூச்சம். ஸ்ரீரங்கத்திலிருந்து கர்நாடக சங்கீத ரசிகர்கள் வந்து டிக்கெட் முழுவதையும் வாங்கிவிட்டார்கள். "வயலின் யாருடி?" என்று இன்று ஒரு மாமி கேட்டார். சிரித்துவைத்தேன்.

முதலாளி, "பி.ஏ. படிச்சவதானேம்மா நீ? அவங்க பாதியில எழுந்து போனா, நீயும் கூடவே கிளம்பிடு" என்றார்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம் அப்பா. பொடி இங்கே வருவதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன் போலிருக்கிறது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ரோசரி