இரண்டு காலும் ஒன்றுதான்

அக்கா,

இன்று காலை மேடவாக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது, வராமல் எங்கே போகும். எதிரே ஒரு பெரியவரை நிற்கவைத்து, அவருடைய குட்டைக் காலுக்கு அடியில் மெல்லிய மரப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள் ஒரு சின்னப் பெண். மூன்றாவது பலகை போனதும் அவர், "இப்போ கரெக்டா கீதும்மா, நேரா நிக்கிறாப்ல கீது" என்றார். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழாமல் நான் அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், சாப்பாடு இறங்கியது. அழுகை வரும் என்று நினைத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வரவில்லை. சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் அந்தச் சிவப்பு சிமென்ட் தரை வீட்டில் அம்மா போன பிறகு நீயும் நானும்தான். தினமும் ரயில்வே மேம்பாலம் ஏறி மேற்கே நீ டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போவாய். கொஞ்ச நாளாகப் படிகளில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏற ஆரம்பித்திருந்தாய். உன் இரண்டு கால்களும் முட்டியில் வெளிப்பக்கம் வளைந்தவை. இடது முட்டி ரொம்ப மோசம். ஆபரேஷன் செய்துகொள் என்று மூன்று மாதம் உன்னை நச்சரித்தவன் நான்தான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மூட்டையே மாத்தற வயசு இல்லம்மா உங்களுக்கு. கால் வளைஞ்சிருக்கறதால உள்பக்கம் மட்டும் தேயுது. முட்டிக்குக் கீழ எலும்புல ஒரு பத்தை வெட்டி எடுத்துட்டுக் காலை நேராக்கிட்டா, பாரம் தேயாத வெளிப்பக்கம் வந்துடும். முதல்ல இடது கால், அப்புறம் வலது."

வெளியே வந்ததும் நீ சிரித்தாய். "தர்பூசணி கடைக்காரன் மாதிரி பேசறார்டா."

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் போனபோது அவர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். எலும்பு எடுப்பதால் கால் நீளம் துளி குறையலாம், நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது, இருந்தாலும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. உனக்கு ஏற்கெனவே அரை மனசு. இதையும் கேட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று பயந்தேன். அது முதல் தப்பு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

மாவுக்கட்டுப் பிரித்துச் சில மாதங்களில் வலி போயிற்று. அதை நீ எப்போதும் மறுத்ததில்லை. மேம்பாலப் படிகளில் நேராக ஏறினாய். ஆனால் ஒரு நாள் கூடத்தில் நின்றுகொண்டு, "டேய், நம்ம வீட்டுத் தரை சாஞ்சிருக்கா?" என்று கேட்டாய். உடனே ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாய். தண்ணீர் விறுவிறு என்று குளியலறைப் பக்கம் ஓடியது. உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, தரைதான்டா கோணல்!" வீட்டுக்காரரிடம் சொல்லி மேஸ்திரியையே வரவழைத்துவிட்டாய்.

அவர் தரையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "இன்னா டீச்சர், கழுவுன தண்ணி வெளிய போவ வாணாமா? வாட்டம் வெச்சுதான் போட்டுகீது. எல்லா வூட்லயும் இப்பிடித்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு, ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப்பை என்னிடம் நீட்டினாய். "நீயே அளந்து சொல்லுடா. மறைக்காம சொல்லு." டாக்டர் அளந்ததைப் பார்த்திருந்தேன். இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் எலும்புவரை. வலது காலை அளந்தேன். இடதை அளந்தேன். அரை அங்குலம் குறைந்தது. இன்னொரு தரம் அளந்தேன். அதே அரை அங்குலம். நீ மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய்.

"ரெண்டு காலும் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

கையெழுத்துப் போட்டவன் நான். அந்த அரை அங்குலம் என் மேல் வந்து விழும் என்று பயம். உன் மனசு நோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே கதை விட்டிருக்கிறேன்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். "அப்ப எனக்குத்தான் நடக்கத் தெரியல" என்றாய். குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சுவரோரமாக நடை பழகினாய். பாடம் ஒப்பிக்காத பிள்ளையைத் திட்டுவது போல் உன்னையே திட்டிக்கொள்வாய். "நேரா நட. இடுப்பை ஆட்டாதே. சோம்பேறி." நான் ஷேவ் செய்துகொண்டே கேட்டிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைப்பவரிடம் வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாய். உன் செருப்பைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. "யக்கா, இதுல மட்டும் உள்ள ஒரு தோல் வெச்சுத் தூக்கித் தரட்டா? நடக்கசொல்லோ சொகமா இருக்கும்" என்றாராம். நீ அதை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாய்.

"நீ என்ன சொன்னே?"

"அதெல்லாம் வேணாம், என் தம்பி டேப் வெச்சு அளந்துட்டான், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மோர் இருக்கிறதா என்று கேட்டேன்.

வலது காலுக்கு டாக்டர் தேதி கொடுத்தபோது நீ போகவில்லை. "ஒரு காலையே ஒழுங்கா நடக்க வெக்கத் துப்பில்ல எனக்கு. இன்னொண்ணு எதுக்கு?" என்றாய். கடைசிவரை அந்த வலது முட்டியின் வலியைத் தைலம் தேய்த்தே ஓட்டினாய். இதைச் செய்தது தேய்மானம் இல்லை. நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில், சாக்பீஸ் கறையோடு, வகுப்பறையிலேயே சாய்ந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். உன்னைக் கூடத்தில் கிடத்தினார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு காலு எட்டல சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இடது காலைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். சுற்றி எல்லோரும் அழுதார்கள். நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு அன்றைக்கு மரத்துப்போனதுதான்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு உன்னைத் தெரியாது. அக்கா கொஞ்சம் சாய்ந்து நடப்பாள் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். உன் கையால் சாப்பிட்ட சோறு, நீ வாங்கிக் கொடுத்த முதல் பேண்ட் எல்லாம் நினைவில் மங்கிவிட்டன. சுவரோரமாக நீ உன்னைத் திட்டிக்கொண்ட குரல் மட்டும் மங்க மாட்டேன் என்கிறது. அதற்கு நான் சொல்லாத பதில்தான் இத்தனை வருஷமாக என்னிடம் இருக்கிறது. கேட்க நீ இல்லாததால்தான் இப்போது சொல்லத் தைரியம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

உன் இடது கால் அரை அங்குலம் குட்டை, அக்கா. நீ சரியாகத்தான் நடந்தாய்.