இருபது யானைக் கொட்டில் குறித்து ஓலைநாயகத்துக்கு

நலம் ஓங்குக. வேங்கைநாட்டு மதில்களில் பாசி படராதிருக்க. கொற்றவர் குடை சாயாதிருக்க. அந்நாட்டின் எழுத்துக்கெல்லாம் தலைவரும், எழுத்தர் கைகளுக்கு அளவு வகுத்தவருமான ஓலைநாயகம் தழலாதித்தர் திருமுன், குமிழிநாட்டுக்குத் தூது வந்து இங்கேயே நின்றுபோன வெண்பூதன் தாழ்ந்து எழுதிக்கொண்டது. நான் அலங்காரம் கற்றவன் அல்லேன். நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆதலால் நேரே சொல்கிறேன்.

முன்பு நம் ஓலைகளில் ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டுமாயின், அதன் தோளருகே சிறிய இலக்கம் ஒன்றைச் செங்காவியில் உயர்த்தி எழுதி, விளக்கத்தை அதே ஏட்டின் அடியில் வைப்பது வழக்கம். தாங்கள் பதவியேற்றதும், தூக்கிய இலக்கம் கண்ணை உறுத்துகிறது என்று, எல்லா இலக்கமும் ஒரே பருமனில், ஒரே வரியில், ஒரே கருமையில் நிற்கவும், விளக்கங்கள் யாவும் கட்டின் கடைசி ஏட்டுக்குப் போகவும், அந்த ஏடு தனியே கட்டப்படவும் ஆணையிட்டீர்கள். ஏடுகள் அழகாயின. அதில் ஐயமில்லை.

அந்த அழகோடுதான் குமிழிநாட்டு உடன்படிக்கையும் எழுதப்பட்டது. அவர்கள் திருவிழாவுக்கு நாம் அனுப்பவேண்டியது யானை இரண்டு; ஏட்டில் ௨. அதற்குரிய விளக்கம் பத்தாவது. ஆகவே பக்கத்தில் ௰. இரண்டும் ஒட்டி ௨௰ என நின்றன. இந்நாட்டு அரசர் கானவரையர் அதை இருபது என வாசித்தார். யார்தான் அப்படி வாசிக்கமாட்டார்? இருபது யானைக்குக் கொட்டிலும் கட்டி முடித்துவிட்டார். நம்மிடம் இருப்பதோ இரண்டே. அவற்றில் ஒன்று நொண்டி. அந்த நொண்டியைப் பற்றித்தான் பத்தாம் விளக்கம் பேசுகிறது. அது உள்ள கடைசி ஏடு, தங்கள் ஆணைப்படி தனியே கட்டப்பட்டு, தங்கள் பெட்டகத்திலேயே தங்கிவிட்டது.

இருபதும் வந்து சேரும்வரை நான் இங்கே பிணை. பத்து என்பது விளக்கத்தின் எண் என்று நான் விண்ணப்பித்தபோது அவை சிரித்தது. கொட்டில் காவலன் மூக்கன் தினமும் என் வாசலில் வந்து நின்று, "என்ன தூதரே, உங்க ஊரு யானையெல்லாம் நடந்து வருதா, இல்ல இனிமேதான் முட்டையில இருந்து பொரிக்கணுமா?" என்கிறான். இவ்வூரில் என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவனே. அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவும் பழகிவிட்டேன்.

கடைசி ஏட்டை அனுப்பி என்னை மீட்குமாறு முன்னொரு ஓலை விடுத்தேன். தங்கள் மறுமொழி வந்தது. என் ஓலையில் ஓர் இலக்கம் வரிக்குமேல் உயர்ந்து நிற்பதாகவும், திருத்தி எழுதி அனுப்பினால் விண்ணப்பம் ஆராயப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அதைக் கானவரையருக்குப் படித்துக் காட்டினேன். அன்றுதான் அவர் என் சொல்லை முதன்முதலாக நம்பினார்.

இப்போது அவர் இருபது கேட்கவில்லை. இரண்டே போதும், நொண்டியும் சம்மதம். ஆனால் இந்த விதியை வகுத்தவர் தாமே யானைகளோடு வந்து, அதன் அழகை அவையில் விளக்கவேண்டுமாம். அவர் உள்ளே வந்த வாயில் வழியே நான் வெளியேறலாமாம். இவ்வோலை கண்டதும் புறப்படுக என்பது கானவரையர் கட்டளை. தாங்கள் தங்குவதற்கு இடம் பெருக்கி, வைக்கோலும் பரப்பியாயிற்று.¹

எழுதிய கை வெண்பூதனுடையது. பதிந்த இலச்சினை கானவரையருடையது. இனி ஆகவேண்டியது தங்களுடையது.

¹ மூன்றாம் கொட்டில். நொண்டி யானைக்கு அடுத்தது.