நின்றால் கனக்கும்

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? உன் இடுப்பு வலி குறைந்ததா? லடாக்கில் நான் நலம்தான்.

ஒரு வேடிக்கை கேள். பூதலூர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை முதுகில் ஏறியதும் ஓடுவோமே, நின்றால் கனக்கும் என்று? அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சிமெண்ட் மூட்டையோடு ஓடி, பத்தடியில் விழுந்தேன். “உசரத்துல காத்து கம்மி, போகப்போகப் பழகிடும்ப்பா” என்றார் மேஸ்திரி.

மூன்று மாதமாகியும் பழகவில்லை. ரத்தம் கெட்டியாகிவிட்டதாம், உடனே மலையிறங்கச் சொல்கிறார் டாக்டர். ரோடு வேலை முடியாமல் என் ஆதார் அட்டையைத் தர மாட்டேன் என்கிறார் மேஸ்திரி.

சோறு அரைவேக்காடுதான், நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. என் மூட்டைக் கொக்கியை உன் அண்ணனிடம் கொடுத்துவிடு. இனி எனக்கு வேண்டாம்.

தபால் கொண்டுபோகும் வண்டி வந்துவிட்டது. படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நெஞ்சு மட்டும் மூட்டையோடு ஓடுவதுபோல் அடித்துக்கொள்கிறது.

உன்
வளவன்