கதவுக்கு மேல் நாலு விரல்

என் உயிரான மாப்ளே இசக்கிக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அறைக் கதவு திறக்கிறது. ஒற்றை விரலால் தள்ளினால் போதும். கதவென்றால் திறக்கத்தானே செய்யும், இது ஒரு சேதியா என்று நீ கேட்பாய். உன் அத்தான் கட்டிய வீட்டில் அது சேதிதான்.

நீ போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. உன் அக்கா செண்பகம் இன்னும் நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறாள். நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம். என் மகள், உன் மருமகள் கோமு, சால்ட்லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். எனக்கு வேலை ஓய்ந்துவிட்டது. ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்த பத்தாங் கிளாஸ்காரன், இப்போது வீடு கட்டுகிறேன். அதுவும் செங்கல் வீடு இல்லை. நீ சொன்ன மர வீடு. முழு மரத்தை உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புகிற வீடு.

அந்தப் பைத்தியம் உனக்கு எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அலிப்பூர் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் நிலத்துக்கெல்லாம் படம் வரைந்தாய். சாயங்காலம் காளிகாட்டில் நம் வாடகை வீட்டுக்கு வந்து முன்னறையில் பாய் விரித்தாய். இருபத்திரண்டு வருஷம். கல்யாணம் வேண்டாமென்றாய், தனி அறை வேண்டாமென்றாய். ஒருநாள் போனில் ஏதோ பனி கொட்டும் தேசத்து வீட்டைக் காட்டி, “அத்தான், இதுக்குக் கொத்தனாரே வேண்டாம். நாம ரெண்டு பேரும் அடுக்கிரலாம், தீப்பெட்டிக் குச்சி மாதிரி” என்றாய். கொல்கத்தா கரையானுக்கு விருந்தா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதமே சோனார்பூர் தாண்டி ஐந்து காட்டா நிலத்துக்கு என்னையும் கூட்டாளி ஆக்கிவிட்டாய்.

பிறகு உடம்பு உன்னைப் படுக்க வைத்தது. படுத்தபடியே இந்த வீட்டுக்கான படங்களை ஒரு நோட்டு முழுக்க வரைந்து முடித்தாய். கடைசியாக என் கையில் கொடுத்தபோது சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? “அத்தான், இதப் பாத்துக் கட்டுங்க. சொந்த மூளைய மட்டும் இதுல போட்றாதீக.”

போட்டுவிட்டேன் மாப்ளே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். மரம் வாங்க நிம்தலா மரவாடிக்குப் போகிறேன் என்றதும் உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரவாடியை ஒட்டித்தானே சுடுகாடும் இருக்கிறது. “அந்தப் பக்கம் எல்லாரும் கட்டை வாங்கிட்டு எங்க போவாகன்னு தெரியும். நீங்க வீட்டுக்கு எடுத்துட்டு வாறீகளாக்கும்” என்றாள். கப்பலில் வந்த பைன் மரம், மருந்தேற்றியது, ஈரம் காயாதது. லாரியில் வந்து இறங்கியபோது அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ரிசார்ட்டா, சினிமா செட்டா என்று கேட்டார்கள். என் மச்சினன் வீடு என்றேன்.

அஸ்திவாரத் தூண்களின் தலையில் தகரத் தொப்பி போடச் சொல்லியிருந்தாய், கரையான் ஏறாமலிருக்க. போட்டேன். மூலையில் மரத்தோடு மரம் பொருந்த, மேல்மரத்தின் அடிவயிற்றில் பிறைபோல வெட்டச் சொல்லியிருந்தாய். நான் கீழ்மரத்தின் முதுகில் வெட்டினேன். அன்று பெய்த மழையில் அது கிண்ணமாகி நிறைந்தது. மறுநாள் காலையில் ஒரு காகம் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நீ பேசி வைத்துவிட்டுப் போன தச்சர் நிமாய் தா அதைப் பார்த்துவிட்டு, “தாதா, நல்ல காரியம், பறவைகளுக்கு ஆகும்” என்றார். அவருக்கு நான் தாதா, எனக்கு அவர் தா, இரண்டும் அண்ணன்தான். அந்த மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மரம் எடுத்தோம்.

நிமாய் தா கட்டில் செய்தவர், படகு செய்தவர். இந்த மாதிரி வீடு அவருக்கும் புதிது. அதனால் இரண்டு தடவை கேட்டார், “காத்தாட்டா ஏக்பார் தின் நா, தாதா.” அந்த நோட்டை ஒரு தடவை கொடுங்களேன் என்று. நான் கொடுக்கவில்லை. அளவை நான் சொல்கிறேன், நீங்கள் வெட்டுங்கள் என்றேன். மரத்தூள் படிந்துவிடும், வேர்வை பட்டு மை கலைந்துவிடும் என்று சாக்குச் சொன்னேன். உண்மை உனக்குத் தெரியும். நீ கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்த பொருள் அது. பிளாஸ்டிக் உறையில் போட்டு நானே வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வங்காளத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், மீன்காரரிடம் வங்காளத்தில் சண்டை போடுவேன், பஸ்ஸில் இடம் பிடிப்பேன். படிக்க மட்டும் வராது. பஸ் நம்பரைத்தான் படிப்பேன், பலகையை அல்ல. கோமுவிடம் கேட்டிருக்கலாம். அப்பனுக்கு எழுத்துத் தெரியாது என்று மகளிடம் நோட்டை நீட்ட ஒரு கூச்சம். சாமான் பட்டியலாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சுவர் எழும்பிக் கதவு நிலை வைக்கும் நாள் வந்தது. உன் படத்தில் எல்லா நிலைக்கும் எல்லா ஜன்னலுக்கும் மேலே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தாய். எதற்கு? ஓணான் போய் வரவா? நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நீ இதை வரைந்த மாதம் ஞாபகம் வந்தது. அந்த மாதம் உனக்கு மருந்து அதிகம். பென்சில் பிடிக்கவே கை நடுங்கும். பாவம், அளவு தப்பிவிட்டது பிள்ளைக்கு என்று நினைத்தேன். வாழ்நாளில் ஒரு கோடு தப்பாகப் போடாதவன் நீ, உன் தப்பு ஊர் கண்ணில் படக்கூடாது என்று நானே திருத்தினேன்.

“நிமாய் தா, இந்தச் சந்துகளையெல்லாம் நல்ல கெட்டிச் சால் மரக்கட்டை வைத்து இறுக்கி அடைத்துவிடுங்கள். நிலையைச் சுவரோடு சேர்த்து ஆணி அடியுங்கள்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “படத்திலும் அப்படித்தானா?” என்றார். “அப்படித்தான்” என்றேன். உன் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்.

கூரை ஏறியது. குளிர்காலம் போனது, பங்குனி வெயில் வந்தது. ஒவ்வொரு கதவாக இறுக ஆரம்பித்தது. நிலைக்குப் பக்கத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. முதலில் பஞ்சாங்கத்தாள் நுழைந்தது, பிறகு சுண்டுவிரல் நுழைந்தது. கரியாஹாட் போய்ப் புதுக் கீல் வாங்கி மாட்டினேன். கதவின் தலையைச் சீவினேன். மறுவாரம் மறுபடி இறுகியது. மறுபடி சீவினேன். கடைசியில் உன் அறைக் கதவு சுத்தமாக நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன் அக்கா முதல்முதலாக வீட்டைப் பார்க்க வந்தாள். அதுவரை எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினாள். நேராக உன் அறைக்குப் போனாள். நோட்டில் எது யார் அறை என்று அவளுக்கு மனப்பாடம். கதவைத் தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நான் பின்னாலிருந்து, “கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். “அவன் ரூமையே பூட்டி வச்சிட்டீகளே.”

சுவரின் சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். “இது வழியா மழை உள்ள வராதா? இங்க பாருங்க, நான் அழல, சண்டையும் போடல. மழைக்கு முன்னால இது ஒழுங்கா நிக்கணும். இல்லன்னா எல்லாத்தையும் பிரிச்சுட்டுச் செங்கல்ல கட்டுங்க. அவன் பேரச் சொல்லி ஒரு ஓட்டை வீடு எனக்கு வேண்டாம்.”

வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள். கோமுதான் என் பக்கத்தில் நின்றாள். “அப்பா, மாமா நோட்டக் குடுங்க” என்றாள். அந்த நேரத்தில் என்ன கூச்சம்? கொடுத்துவிட்டேன்.

கதவுப் படத்தின் கீழே இருந்ததை முதலில் மனசுக்குள் படித்தாள். உதட்டைக் கடித்தாள். “அப்பா, இது சாமான் லிஸ்ட் இல்ல. நிமாய் காக்குவுக்கு மாமா எழுதின சிட்டி. கடுதாசி.” பிறகு தமிழில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி:

“நிமாய் தா, பச்சை மரம் காயக் காய மெலியும், சுவர் இறங்கும். இறங்குவதற்குத்தான் நிலைக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன். அங்கே சணலைத் தளர்வாகத் திணித்துப் பலகையால் மறைத்தால் போதும். ஆணி மேல்மரத்தில் மட்டும். ஜாமாய்பாபு இந்த இடத்தைப் பார்த்ததும், பையனுக்கு மருந்து மயக்கம் என்று பரிதாபப்பட்டு அடைக்கச் சொல்வார். கேட்காதீர்கள். அவருக்கு மனசு பெரிது, அளவு வராது.”

ஜாமாய்பாபு என்றால் அக்கா புருஷன். நான்தான்.

மாப்ளே, நான் அந்தத் திறக்காத கதவில் சாய்ந்து சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கோமு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் படம் வரைந்ததில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். வங்காளத்தில் எழுதியது நிமாய் தா படிக்கவா, இல்லை நான் படிக்கக்கூடாது என்றா?

அன்றைக்கே நோட்டை நிமாய் தா கையில் கொடுத்தேன். “நான் பொய் சொன்னேன், படத்தில் அப்படி இல்லை” என்றேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். “இஷாகி இதை எழுதி வைத்திருக்கிறான், நீங்கள் பிளாஸ்டிக்கில் பொட்டலம் கட்டி வைத்தீர்களே, தாதா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் வாயில் இசக்கி இன்னும் இஷாகிதான். மற்றபடி ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை.

பிரிப்பதா, திருத்துவதா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கடப்பாரையோடு நின்றேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நான் அடிக்கச் சொன்ன ஆணிகள், ஒன்றுகூட லேசில் வரவில்லை. லாரி ஜாக்கி வாங்கி வந்து மேல்மரத்துக்கு முட்டுக்கொடுத்து, மயிரிழை தூக்கி, சால் கட்டைகளை அறுத்து எடுத்தோம். பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். வீடே ஒரு பெருமூச்சு விட்டது. நிஜமாகச் சொல்கிறேன். சுவரெல்லாம் முனகி, மரம் மரத்தின்மேல் இறங்கி உட்கார்ந்தது. விரல் போன சந்தில் தாள் போகவில்லை. “போஷ்சே தாதா, போஷ்சே” என்று நிமாய் தா கத்தினார். உட்காருகிறது, உட்காருகிறது!

பதினோரு நிலை, ஜன்னல் எல்லாம் சேர்த்து. ஒன்பது நாள் ஆயிற்று. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். உன் அக்கா சோறு பிசைந்து கொடுத்தாள்.

போன சனிக்கிழமை மறுபடி வந்தாள். நான் கூப்பிடவில்லை, கோமு கூட்டி வந்தாள். வந்த அரைமணியில் வானம் கறுத்துவிட்டது. கால்பைசாகி, இந்த ஊர்க் கோடைப் புயல். தென்னை மட்டைகள் பறந்தன, மழை படுக்கைவாட்டில் அடித்தது. நிமாய் தாவோடு சேர்த்து நாலு பேரும் உன் அறைக்குள் ஓடினோம். செண்பகம் கதவைச் சாத்தினாள். ஒற்றை விரலால். ‘டப்’ என்று சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தது கதவு. திறந்தாள். மறுபடி சாத்தினாள். நாலைந்து தடவை செய்து பார்த்தாள், காற்று முகத்தில் அடிக்க அடிக்க.

காற்றடித்த பக்கத்துச் சுவர் முழுக்கக் கையால் தடவிக்கொண்டு வந்தாள். வடக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம். அது என் வெட்டு, நிமாய் தா வெட்டு இல்லை. நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். “தள்ளி நில்லுங்க, பாத்துட்டேன்” என்றாள். நிமாய் தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மழை குறைந்தபின் அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம், “கட்டிலை எந்தச் சுவர்ப் பக்கம் போடணும்னு எழுதியிருக்கானா, பாருங்க” என்றாள்.

கோமு நோட்டை எடுக்கப் போனாள். நான் வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டுக்கொள் மாப்ளே. நிமாய் தா வேலைக்காக நோட்டு முழுவதையும் படித்துவிட்டார். படிக்கும்போது அங்கங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், ஒரு பக்கத்தில் கண்ணைத் துடைத்தார். என்னவென்று யாரும் எனக்குச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோமு வாங்கித் தந்த குழந்தைகள் புத்தகத்தை வைத்துத் தினமும் எழுத்துக்கூட்டுகிறேன். நேற்று டிராமில் போகையில் ஒரு பலகை முழுக்க வாசித்தேன். மிட்டாய்க் கடை. எனக்கு என்னவோ தேர்வில் பாஸான மாதிரி இருந்தது.

ஆடி மழை பிடிக்கும் முன்னால் நாங்கள் குடி வந்துவிடுவோம். உன் கட்டில் எந்தப் பக்கம் என்பதை நானே படித்து, நானே தூக்கிப் போடுவேன். அதுவரை அந்த அறை வெறுமையாகக் கிடக்கட்டும். இன்று காலையில் அளந்தேன். நாலு விரல் மூன்றரை விரல் ஆகியிருக்கிறது. சுவர் முழுசாக இறங்கி உட்கார இன்னும் சில வருஷம் ஆகும் என்கிறார் நிமாய் தா. ஆகட்டும். மாதம் ஒரு தடவை ஏணி போட்டு ஏறி அளப்பேன். அதில் ஒரு ஈர்க்குச்சியைக்கூட யாரும் திணிக்க நான் விடமாட்டேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மனசு பெரிதான, அளவு வராத,
உன் அக்கா புருஷன்,
அத்தான் சுப்பையா