‘எங்க போறீக?’ என்று கேட்கும் தெருவிலிருந்து

கல்லறைத் தோட்டத்து வேப்ப நிழலில், எவனுடைய கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் படுத்திருக்கும் என் அருமை அத்தானுக்கு,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உங்கள் மகள் எஸ்தர் பாளையங்கோட்டையில் வாத்திச்சி டிரெயினிங் முடித்து, சர்டிபிகேட்டும் கையுமாக ராஜபாளையத்தில் வந்து இறங்கிய அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டேன். “அக்கா, இந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கப் படிப்பு தடையில்லை, சண்டைக் காலம் தடையில்லை. நம்ம தெருவோட வாய்தான் தடை.” அக்கா சிரித்தாள். இப்போது சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைச் சபையின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உங்கள் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் நாலு வரி போடுவார்கள். இந்தத் தடவை நாலு பக்கம் கேட்டிருக்கிறேன். தெரு முழுவதும் படிக்கட்டும். படித்துவிட்டு, யாருக்கு எழுதியது, எதற்கு எழுதியது, எத்தனை நாளாய் எழுதியது என்று என்னிடமே வந்து கேட்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அத்தான், ஒரு மனிதன் செருப்புக்குள் காலை விட்டால் போதும், நம் தெருவில் பத்து ஜன்னல் திறக்கிறது. குடையை எடுத்தால் இருபது. “எங்க போறீக?” போகிறவன் பல்வலிக்காரனாக இருக்கட்டும், கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவனாக இருக்கட்டும், கேட்டே ஆக வேண்டும். பதில் சொன்னால் விட்டார்களா? எதுக்கு, எப்ப வருவீக, ஆரைப் பாக்க? சிலர் நாகரிகமாக “தூரமோ?” என்று கேட்கிறார்கள். அதே கத்தியைத் துணியில் சுற்றிக் குத்துகிறார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு இந்த வியாதி கிடையாது. செண்பகத்தோப்பில் காட்டுக் காவல் பார்த்தவர். அங்கே யானை வந்தால் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, ஒதுங்கி வழிவிடுகிறார்கள். நான் ஒரு தடவை அங்கே மூன்று யானைகளை வெறும் மேல்துண்டை வீசியே திருப்பி அனுப்பியதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். ஒன்று என்று நீங்கள் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது உங்கள் அடக்கம்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். படியிறங்கினவரை ‘எங்கே’ என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். நாமோ வேதக்காரர்கள். சகுனம் பார்க்கிறோம் என்று சொல்லலாமா? அதனால் “ஜெபம் பண்ண மறந்துட்டோம்” என்று சொல்லித் திரும்புவோம். தண்ணீர் எதற்கு? தாகம்.

போன புரட்டாசியில் எஸ்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காகிதம் வந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலி, காலை பத்து மணிக்கு நேரில் வரவும் என்று அந்தப் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கு வேறு வழி ஏது? நான் இருக்கிறேன், சரி. ஆனால் நானே அக்கா வீட்டில்தான் சாப்பிடுகிறேன். அந்த வேலை கிடைத்தால்தான் தாயும் மகளும் நிமிர்ந்து உட்கார முடியும்.

துணைக்கு நானே புறப்பட்டேன். தேர்டு பாரம் பாதி வரைக்கும் படித்தவன். மீதியைப் படிக்காதது அந்த வாத்தியார் செய்த தப்பு. மிஸ்ஸியம்மாவிடம் இங்கிலீஷில் நானே பேசிக்கொள்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. ஒரு மணி நேரம் முன்னதாகவே வெள்ளைச் சேலையும் குடையுமாக எஸ்தர் படியிறங்கினாள்.

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். “எக்கடிகம்மா?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். “மாமா, தெலுங்குல கேட்டா சேத்தியா?”

நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா, “எந்தப் பாசையில கேட்டா என்னட்டி? உள்ள வா” என்றாள். வந்தோம். உட்கார்ந்தோம். ஜெபம், தண்ணீர்.

இரண்டாம் தடவை கோயில் முக்கு வரைக்கும் போய்விட்டோம். அங்கே நம் உபதேசியார். முந்தின ஞாயிறுதான் சகுனம் பார்க்கிறவர்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்து, நரகத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தவர். முகமெல்லாம் சிரிப்பாக, “என்ன, மாமனும் மருமகளும் எங்க பொறப்பாடு?” என்றார்.

“ஐயா, நீங்களே கேட்டுட்டீகளே” என்றேன்.

“நமக்குத்தான் சகுனம் கிடையாதே!”

“போன வாரம் நீங்க சிவகாசிக்குக் கெளம்புறப்ப நான் கேட்டதுக்கு, கண்ணாடிய மறந்துட்டேன்னு வீட்டுக்குத் திரும்பினீகளே. கண்ணாடி மூக்குமேலதான இருந்துச்சு?”

அவர் வேதபுத்தகத்தை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் ஜெபம் பண்ணத் திரும்பினோம்.

மூன்றாவது ஆள் தையல்காரன் தாவீது.

அத்தான், இவனைப் பற்றி எழுத வேண்டும் என்றால் மை போதாது. தெரு வாய்க்கு நேராக மிசினைப் போட்டுக்கொண்டு, சுங்கச் சாவடிக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். போகிற கோழியையும் கேட்கிறவன். உங்களைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோமே, அன்றைக்குக்கூட எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்தக் கல்லறைக்கு?” என்று கேட்டான். கேட்காவிட்டால் அவனுக்கு வயிறு ஊதிவிடும் போலிருக்கிறது. இவன் ‘எங்க போறீக’ என்று கேட்டுத்தான் நாங்கள் மூன்றாம் முறையாக வீட்டுக்குத் திரும்பினோம் என்று தெருவுக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

மறுபடி ஓடினோம். ஸ்டேஷன் வாசலை மிதிக்கும்போது ரயிலின் கடைசிப் பெட்டி தெரிந்தது. என் மரியாதைக்காகக் கார்டு கொடியை அரை நிமிஷம் தாமதித்துத்தான் அசைத்திருப்பார், இருந்தும் பயனில்லை. பிறகு, பெட்ரோல் பஞ்சத்தால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறினோம். ஓடும் என்பது மரியாதைக்கு. அது இருமி, நின்று, ஆள் இறங்கி அடுப்பை ஊதி, மறுபடி இருமிற்று. கண்டக்டர் வந்து, “எங்க போகணும்?” என்றார். கேட்பதற்கு அதிகாரமுள்ள ஒரே மனிதர். அவரையும் முறைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸியம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். வேதாகமத் தமிழிலேயே பேசினார். “பத்து மணி என்று எழுதினேன் அல்லவா? இப்பொழுது பன்னிரண்டு.”

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். தண்டவாளத்தின் நடுவே செண்பகத்தோப்புச் சிறுத்தை ஒன்று குட்டிகளோடு படுத்துவிட்டதாகவும், ரயில் இரண்டு மணி நேரம் நின்றதாகவும், கடைசியில் நானே இறங்கிப்போய் விரட்டியதாகவும் விளக்கமாகச் சொன்னேன்.

மிஸ்ஸியம்மா முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “தேவதானத்துப் பெண் உங்கள் ஊரில் அதே ரயிலில் ஏறித்தான் வந்தாள். ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். அவளுக்கே இடத்தைக் கொடுத்துவிட்டேன்.”

திரும்புகிற வழியில் எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, சிறுத்தை வேற எதுக்கு?”

யானையை விரட்டிய மேல்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா தாவீதின் மிசினுக்கு முன்னால் போய் நின்றாள். தெருவே கூடிற்று.

“ஏலே தாவீது, எம் பிள்ளை பிழைப்புல மண்ணப் போட்டுட்டியே! என் துணியக் குடு.”

“அக்கா, கர்த்தர் அறிய நான் வாயத் தொறக்கல.”

“நீ தொறக்காத நாளு எது?”

“இன்னைக்குத் தொறக்கலக்கா.”

கூட்டம் சிரித்தது. தாவீது என் முகத்தையே பார்த்தான். திருட்டுக் கொடுத்தவனைப் போலப் பார்த்தான். அக்கா, ஒரு கை தைத்து ஒரு கை தைக்காத ரவிக்கையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொருத்தராக அவனிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். இந்தக் கிறிஸ்மஸுக்கு நம் சபையில் ஒரு பிள்ளையும் அவன் தைத்த சட்டை போடவில்லை. எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிற்று. அவனும் கேட்பதை விட்டுவிட்டான். இப்போது யார் போனாலும் தலை நிமிர்வதில்லை. தைக்கத் துணி இல்லாமல் வெறும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இனி இப்போதைய சேதி. தேவதானத்துப் பெண்ணுக்குக் கல்யாணம், வேலையை விடுகிறாள். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி எஸ்தருக்கு மறுபடி காகிதம் வந்திருக்கிறது. நேரம் போட்டிருக்கிற இடத்தின் கீழே மிஸ்ஸியம்மா இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

வீட்டில் மூன்று நாளாக யோசனை. தாவீதின் கண்ணில் படாமல் பின் சந்து வழியாகக் கண்மாயைச் சுற்றிப் போய்விடலாம் என்கிறாள் அக்கா. அது முக்கால் மணி நேரம், முள்ளும் சேறும். வெள்ளைச் சேலையோடு எப்படிப் போவது? “பரவாயில்லம்மா, சேலைய ஸ்டேசன்ல மாத்திக்கிறேன்” என்கிறாள் எஸ்தர். அம்புட்டுப் பயம் பிள்ளைக்கு.

நேற்று மத்தியானம் தாவீதின் மனைவி புழக்கடைப் பக்கமாக வந்தாள். அக்கா முகம் கொடுக்காததால் என்னிடமே சொன்னாள்.

“அண்ணே, திங்கக்கெழம விடியமுன்ன நாங்க சுந்தரபாண்டியத்துக்குப் போயிருதோம், எங்கம்மா வீட்டுக்கு. மிசினையும் உள்ள தூக்கி வச்சிருதாக. பிள்ளை முன்வழியாவே நிம்மதியாப் போகட்டும்.” போகத் திரும்பியவள் நின்று சொன்னாள்: “அன்னைக்கு அவிய கேக்கலண்ணே. ஆனா தெனமும் கேட்ட வாயி. ஆரு நம்புவா?”

பெரிய தியாகிகள் என்று சிரிக்கப் பார்த்தேன். இராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பத்திரிகைக்காரர் மற்றதில் எதை வெட்டினாலும் இதற்குக் கீழே வெட்டக் கூடாது. அத்தான், தாவீது அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உண்டாக்கியவன் நான்.

மூன்றாம் தடவை புறப்பட்டபோது எஸ்தர் ஏழெட்டு அடி முன்னால் போய்விட்டாள். மிசினுக்கு நேராக வரும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன், காகிதம் இல்லை. மிஸ்ஸியம்மாவிடம் நான் பேசவிருந்த இங்கிலீஷ் முழுவதும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. மில் கிளார்க் ஒருவர் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த ஆறு வரி. அலமாரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது இல்லாமல் அந்த வராந்தாவில் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை. மறந்துவிட்டேன் என்று மருமகளிடம் சொல்லவும் நாக்கு வரவில்லை. “ஏட்டி, தாவீது கேட்டுட்டான், திரும்பு” என்றேன். பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தான், எது சொன்னாலும் ஒட்டிக்கொள்கிற ஆள். கடைசியில் மிஸ்ஸியம்மா தமிழிலேயே பேசிவிட்டதால், திரும்பி வந்து எடுத்துப்போன அந்தக் காகிதத்தை அங்கே நான் வெளியே எடுக்கவே இல்லை.

தெருவின் வாயை நான் இன்றும் வெறுக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் மகளுடைய ரயில் போனது என் வாயால்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். பத்திரிகை அச்சாகி வரும் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று இதைச் சபைக்கு முன்னால் வாசிப்பேன். அக்காவும் எஸ்தரும் தாவீதும் இருக்கும்போதே. திங்கட்கிழமை எஸ்தர் முன்வழியாக, நான் இல்லாமல் போவாள். தாவீது எங்கேயும் போக வேண்டியதில்லை. இந்தக் கடைசிச் சங்கதியையும் விடாமல் வாசிப்பேன்: அன்று எஸ்தரின் வெள்ளைச் சேலையைக் கண்டதுமே அவன் மிசினை நிறுத்தினான், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, கேள்வி தப்பி வெளியே வந்துவிடாதபடிக்கு வாயில் கடித்துக்கொண்டான். நான் சொன்ன பொய் அவன் காதில் விழுந்தது. அப்போதும் வாயிலிருந்து நாடாவை எடுக்கவில்லை.

எஸ்தரின் தாய்மாமனும்
உங்கள் மச்சினனுமாகிய
சாமுவேல்