நீ அனுப்பிய பாட்டில் என் நிறமில்லை

அம்மாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது சனிக்கிழமை போனில் உன் சிரிப்பைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது, அதனால் அதை இங்கே விசாரிக்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னது பொய். போன் பெரியம்மா கையில் ஸ்பீக்கரில் இருந்தது, நான் என்னென்ன சொல்ல வேண்டும் என்பது நீ கூப்பிடுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது, ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், படிக்கிறேன், பெரியம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், நீ அனுப்பிய முகப்பூச்சு, அந்த ஃபவுண்டேஷன், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, இந்த நாலும்தான். நாலையும் ஒப்பித்துவிட்டேன். உடனே நீ "அப்பாடா, பயந்துகிட்டே எடுத்தேன், கரெக்டா அமைஞ்சிருச்சு பாரு" என்று குதித்தாய். நீ குதித்தபோதுதான் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்தது. பெரியம்மா உள் அறையில் தூங்குகிறார். நான் முன்னறை பார்லரில், தலை அலசும் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து, துண்டு சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். குறட்டை நின்றால் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருக்கிறேன், மறுபடி குறட்டை வந்ததும் தொடர்கிறேன், நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தால் அது அவசரம் இல்லை, பயம்.

முதலில் அந்த ஃபவுண்டேஷன் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் நிறமில்லை. மூன்று படி வெளுப்பு, அதோடு ரோஜா சாயல். என் தோலில் இருப்பது மஞ்சள் சாயல், உன் தோலிலும் அதுதான், நீயே என் மணிக்கட்டைத் திருப்பி நரம்பு பச்சையாகத் தெரிகிறது, அதுதான் அடையாளம் பார் என்று காட்டியிருக்கிறாய். நீ வேலை செய்வது அவ்வளவு பெரிய மேக்கப் கடை, நாள் முழுக்க நின்றுகொண்டு ஊரார் பெண்களுக்கெல்லாம் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாய். புறங்கையில் தடவிப் பார்க்காதீங்க, கை ஒரு நிறம் முகம் ஒரு நிறம், தாடையில் மூன்று கோடு போடுங்க, வாசலுக்கு வாங்க, பகல் வெளிச்சத்தில் எந்தக் கோடு காணாமல் போகுதோ அதுதான் உங்களுக்கு, உடனே வாங்கிடாதீங்க, அரை மணி நேரம் சுற்றிவிட்டு வாங்க, காய்ந்ததும் நிறம் மாறும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் மன்றாடுகிறாயே, எனக்கு மட்டும் ஒரு போட்டோவைப் பார்த்து எடுத்துவிட்டாய். அந்தப் போட்டோ பெரியம்மா எடுத்தது. பார்லர் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் பத்து பல்பையும் போட்டு, எடுத்த பிறகு போனிலேயே முகத்தை வெளுப்பாக்கி அனுப்பினார். "உங்கம்மா பார்த்தா சந்தோஷப்படட்டுமே" என்றார். நீயும் சந்தோஷப்பட்டாய். இது யார் முகம் என்று ஒரு நிமிஷம்கூட உனக்குச் சந்தேகம் வரவில்லை. நீ போய் இரண்டரை வருஷம் ஆகிறது, அதற்குள் பெற்ற பெண்ணின் நிறம் மறந்துபோகுமா, அல்லது நான் அந்த நிறத்தில் இருந்தால் தேவலை என்று உனக்கே ஆசையா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

தடவினால் முதல் பத்து நிமிஷம் வெள்ளைக்காரி மாதிரி இருக்கும், பிறகு சாம்பல் பூத்துவிடும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது இரண்டும் பழைய நிறத்திலேயே தனியாக நிற்கும். வேண்டாம் என்று சொன்னதற்குப் பெரியம்மா, "அம்மா ஆசையா வாங்கி அனுப்பினதைப் போடாம எதுக்கு ஷோகேஸ்ல வைக்கணும், பார்லர் வீட்டுப் பொண்ணு மூஞ்சி கழுவாத மாதிரி போனா எனக்கு யாரு வருவா" என்று தினமும் காலையில் அவரே பிடித்து உட்கார வைத்து அப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்போது பெயர் சுண்ணாம்பு. முதல் நாளே ஒருத்தி "வெள்ளையடிச்ச மேஸ்திரி கழுத்து வரைக்கும் ஏணி போடலையா" என்று கேட்டாள், வகுப்பே சிரித்தது, கணக்கு டீச்சர்கூடப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. கணக்கில் நான் முதல் மதிப்பெண் எடுத்த செய்தியை உனக்குச் சந்தோஷமாக எழுதலாம் என்றிருந்தேன், அதே டீச்சர் விடைத்தாளைக் கொடுக்கும்போது சுண்ணாம்பு என்றே கூப்பிட்டுவிட்டார், அதற்குப் பிறகு அதில் சந்தோஷம் இல்லை.

சிரிப்போடு போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். உன் பாட்டில் பாதி தீர்ந்ததும் பெரியம்மா மீதியை ஜாடியில் ஊற்றிவிட்டார். அந்த ஜாடி உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. காலியாகப் போகிற பாட்டில்களைக் கவிழ்த்து வைத்து, வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனதையும் சேர்த்து, கெட்டியானதில் பன்னீர் விட்டுக் கரைத்து, எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் கலக்குவார். மூடி எப்போதோ உடைந்துவிட்டது, பிளாஸ்டிக் உறையைப் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும், கரண்டிக் காம்பால் கிண்டிவிட்டுத்தான் எடுப்பார். மெழுகுக் கலர் பென்சிலை வெயிலில் வைத்த மாதிரி ஒரு வாடை. ஆனால் அதற்குப் பெரியம்மா வைத்திருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல, "எல்லா நிறமும் இதுல இருக்கு, அதனால எல்லா மூஞ்சிக்கும் ஒட்டும்" என்பார். எல்லா நிறமும் கலந்தால் யாருடைய நிறமும் வராது. ஒவ்வொரு முறை புதிதாகக் கலக்கியதும் என்னைக் கூப்பிட்டு என் இடது தாடையில் தடவிப் பார்ப்பார். ஏன் நான் என்று கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா, "உங்கம்மாவே சொல்லியிருக்கா, இவ தோல் எதையும் தாங்கும்னு". அம்மா, அதை நீ சொன்னாய். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நீயும் இதே பார்லரில்தான் வேலை பார்த்தாய், வாடிக்கையாளர் முகத்தில் வைப்பதற்கு முன்னால் புதுப் பாட்டில் எல்லாவற்றையும் என் தாடையில்தான் பார்ப்பாய், பார்த்துவிட்டு முத்தம் கொடுப்பாய், நானும் அது ஏதோ விளையாட்டு என்று ஓடிவந்து முகத்தை நீட்டுவேன். நீ முத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய், தாடையை மட்டும் இங்கே விட்டுவிட்டாய்.

இந்த முறை தடவிய மூன்றாம் நாள் பொடிப் பொடியாகக் கிளம்பியது. பிறகு சிவந்து, தடித்து, இப்போது காதுக்குக் கீழேயிருந்து வாய் ஓரம் வரை நீர் கசிகிறது, தலையணை உறை ஒட்டிக்கொள்கிறது, காலையில் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "வயசுக்கு வர்ற சூடு, எல்லாருக்கும் வர்றதுதான், மேல பூசு தெரியாது" என்றார். எதைப் பூசச் சொன்னார் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஜாடியிலிருந்துதான். பள்ளிக்கூடம் போனதும் குழாயடியில் கழுவிவிட்டுக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், பல்வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன், நாலு நாளாக எனக்குப் பல்வலி.

இப்போது நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன். நாளை பள்ளியில் ஆண்டு விழா நாடகம். நடிக்கிற பதினோரு பெண்களும் காலை ஆறரை மணிக்கு இங்கே வருகிறார்கள், முகத்துக்குப் போட்டுக்கொள்ள. அவர்களை வரச் சொன்னது நான்தான். முகத்தில் இது வருவதற்கு முன்பு, பெரியம்மா கேட்கச் சொன்னார், கேட்டேன், என்னைச் சுண்ணாம்பு என்று கூப்பிட்டவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்கும் கொஞ்சம் கர்வமாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர்களில் ஒருத்திக்குத் தும்மல் என்று பெயர். சாக்பீஸ் தூள் பட்டால் தும்முவாள், புது யூனிஃபார்ம் போட்டால் கழுத்தெல்லாம் தடித்துவிடும், ஒரு முறை யாரோ செண்ட் அடித்ததற்குக் கண் இரண்டும் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். என்னைச் சுண்ணாம்பு என்று கூப்பிடாதவள் அவள் ஒருத்திதான். அவளும் இந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள், அந்த ஜாடி அவளுக்கும் சேர்த்துக் கலக்கித் தயாராக இருக்கிறது, நான் எழுதுகிற இடத்திலிருந்து கை நீட்டினால் தொடலாம்.

சாயங்காலம் பெரியம்மாவிடம் சொன்னேன். ஜாடி வேண்டாம், அலமாரியில் பிரிக்காத பாட்டில் இருக்கிறது, ஆளுக்கு ஒரு நிறம் பார்த்துப் போடலாம், தும்மலுக்கு ஒன்றுமே போட வேண்டாம் என்றேன். "பதினோரு மூஞ்சிக்குப் பதினோரு பாட்டில் திறக்கணுமா, மகாராணி உத்தரவா" என்று கேட்டார். என் தாடையைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. "காலையில நீதான் முதல்ல உட்காரணும், நல்லா மூடி அழகா போட்டுவிடறேன், நீதான் எனக்கு விளம்பர போர்டு, உன்னைப் பார்த்துத்தான் அதுங்க தைரியமா உட்காரும்" என்றார். நான் உட்கார மாட்டேன் என்று சொன்னேன். அப்போதுதான் அதைச் சொன்னார். "வாய் நீளுது. பிடிக்கலேன்னா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு. உங்கம்மா அங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா பாரு." நீ காத்திருக்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

ஜாடியைத் தொட்டியில் கொட்டிவிடலாம் என்றுதான் எழுந்து வந்தேன். உறையைக்கூடக் கழற்றிவிட்டேன். பிறகு யோசித்தேன், கொட்டினால் அரை மணி நேரத்தில் இன்னொன்று கலக்குவார், அடிபடுவது நான், முகத்தில் வாங்குவது அவர்கள். அதனால் கொட்டவில்லை. முகத்தைக் கழுவிவிட்டேன். காலையில் பெரியம்மா எழுவதற்கு முன்பே தலையை இறுக்கப் பின்னி, முடி ஒன்றுகூட முன்னால் விழாமல் ஒதுக்கி, வாசலுக்கு வெளியே போய் நிற்பேன். ஆறரைக்கு நல்ல வெளிச்சம் வந்துவிடும். பதினோரு பேரும் என் தாடையைப் பார்த்த பிறகுதான் படியேற வேண்டும். அது எதனால் வந்தது என்று சொல்வேன், தும்மலிடம் முதலில் சொல்வேன். அவர்கள் சிரிக்கலாம், அருவருப்பாகப் பார்க்கலாம், என்னை நம்பாமல் உள்ளே போகவும் போகலாம். தும்மல் போக மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நடந்த பிறகு எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்பாய், அதனால்தான் நடப்பதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பெரியம்மா போனில் உன்னிடம் அழுதிருப்பார். நான் எதிர்த்துப் பேசினேன் என்பார், அது உண்மை. வாசலில் நின்று பிழைப்பைக் கெடுத்தேன் என்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். வளர்த்த நன்றி இல்லை என்பார், அதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, இரண்டரை வருஷம் சோறு போட்டவர் அவர்தான், காய்ச்சலில் இரண்டு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். ஆனால் தாடையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். அதை நீ கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் என்னிடம் கேட்காதே, கேட்டால் நான் மறுபடியும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிவிடுவேன், எனக்கு என்மேல் அந்த நம்பிக்கை இல்லை.

கால் வீங்குகிறது என்று சொன்னாய், கடையில் உட்கார விடாவிட்டாலும் சாப்பாட்டு நேரத்திலாவது காலை உயரத் தூக்கி வைத்துக்கொள், ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் வை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், இருந்தாலும் நீ நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இனிமேல் எனக்குப் பாட்டில் எதுவும் அனுப்பாதே. பதிலை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அனுப்பு, பியூன் என் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம் கேட்கத் தைரியம் வரவே இரண்டு நாள் ஆனது. உன்னிடம் வந்துவிடட்டுமா என்பதுதான் கேள்வி. வா என்றால் அந்த ஒரு எழுத்து போதும். வராதே என்றால் ஏன் என்று முழுப் பக்கத்துக்கு எழுது, நீயே உட்கார்ந்து, உன் கையால் எழுது.

உன் மகள்