முன்னால் போகிறவளின் கழுத்தளவு

இன்று விடிந்ததும் நம் கடலோர ஏரியில் சேற்று வாசனை. உப்புக்காற்றில் பழகிய மூக்குக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது உடனே தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், யாரும் ஏரியில் இறங்கக் கூடாதாம். உன் நினைப்புதான் வந்தது, குள்ளி.

அப்படிக் கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை. பதிலுக்கு நீ என்னைப் பனைமரம் என்பாய். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் நம் எட்டுப் பேரில் நீதான் குட்டை. அதனாலேயே வரிசையில் முதல் ஆள் நீ. உன் கழுத்தைத் தண்ணீர் தொட்டால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், அதுதான் நம் வழக்கம். இன்னும் நாலு எட்டு போனால் நல்ல இறால் கிடைக்குமே என்று நான்தான் முணுமுணுப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நீ என்னை மன்னித்துவிட்டாய். நான்தான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. பறவை பார்க்க வந்த புருஷன் பெண்சாதி, மணல்திட்டுக்கு நடந்தே போகலாமா என்று கேட்டார்கள். இடுப்பளவுதான், வாங்க என்று பெருமையாக இறங்கிவிட்டேன். முந்தின நாள்தான் அணைத்தண்ணீர் வந்திருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடக்க, அந்தப் பெண் பின்னால் முழுகிப்போனாள். புருஷன் கத்தினாரே தவிர அசையவில்லை. கரையில் இறால் அலசிக்கொண்டிருந்த நீதான் பாய்ந்து வந்து, அவள் முடியைப் பிடித்துத் தூக்கினாய்.

அவள் தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டாள். நீ திட்டுவாய் என்று காத்து நின்றேன். புடவையைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாய்: "ஆழத்த உன் ஒடம்புல அளக்காதடீ. கூட வர்றவ ஒடம்புல அள."

ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இனி முன்னால் நான் போகிறேன் என்றேன். பனைமரம் முன்னால் போனால் மற்றவர்கள் முழுகவேண்டியதுதான் என்று சிரித்தார்கள். நியாயம்தான். ஆனால் வாடைக்காற்றில் குளிர் தாங்காமல் எத்தனை நாள் என்மேல் சாய்ந்து நின்றிருப்பாய்! உன் கழுத்து என் உடம்பில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? இடுப்புக்கு ஒரு சாண் மேலே, ரவிக்கையின் அடி ஓரத்தில் ஓர் ஊக்கு குத்திக்கொண்டேன். அதைப் பார்த்ததும் யாரும் சிரிக்கவில்லை.

இன்று மத்தியானம் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மைக்கில் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், பிள்ளை கொஞ்சம் விளையாடட்டுமே என்றார். நான் இறங்கிப் பத்தடி நடந்தேன். தண்ணீர் ஊக்கைத் தொட்டது.

"கழுத்தளவு சார்."

"இன்னாம்மா, உனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான இருக்குது?"

"எனக்கு இல்ல சார். எனக்கு முன்னாடி போறவளுக்கு."

அவர் எனக்கு முன்னால் எட்டிப் பார்த்தார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

இன்றைக்கும் நீ சொல்லித்தான் திரும்பினார்கள், குள்ளி.